பாரிஸ் ஃபார்மசியில் கிரீம் வாங்கப் போகிறவர்களுக்கு

பாரிஸ் போகிறவர்களிடம் இப்போதெல்லாம் ஒரு பட்டியல் கட்டாயம் இருக்கிறது. பயோடெர்மா, அவென், லா ரோஷ் போசே, நூக்ஸ், கோடாலி என்று வெறும் பிராண்டுப் பெயர்கள். அதை வைத்துக்கொண்டு கடைக்குள் போனால் ஐந்தே நிமிடத்தில் தலை சுற்றும். லா ரோஷ் போசே என்ற ஒரு பெயருக்குக் கீழேயே ஒரு சுவர் முழுக்கச் சாமான் அடுக்கியிருப்பார்கள். எண்ணெய் வழியும் முகத்துக்கான ஜெல்லும் அதில்தான் இருக்கும், தோல் வெடித்துச் சொறியும் குழந்தைக்குத் தடவும் பாமும் அதில்தான் இருக்கும். ஆகவே பட்டியலில் முதலில் உங்கள் தோல் எப்படிப்பட்டது என்று எழுதுங்கள். அதற்குப் பொருந்தும் சொல், பெட்டியில் பிராண்டுப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். அந்த வரியைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

'போ' என்றால் தோல். 'போ செஷ்' வறண்ட தோல். 'போ கிராஸ்' எண்ணெய்த் தோல். 'மிக்ஸ்ட்' என்பது நெற்றியும் மூக்கும் வழிந்து, கன்னம் மட்டும் காய்ந்து கிடக்கும் ரகம். 'சான்சிபிள்' என்றால் எதைத் தடவினாலும் சட்டென்று எரியும் தோல். அதற்கும் ஒரு படி மேலே 'ஆன்தோலெரான்ட்'. நிறையப் பேர் சறுக்குவது 'தெசித்ராத்தே' என்ற சொல்லில். அது நீர்ச்சத்துக் குறைந்த தோல். வறண்ட தோலில் எண்ணெய் குறைவு, இதில் தண்ணீர் குறைவு. எண்ணெய் வழியும் முகத்துக்கும் நீர்ச்சத்துக் குறைந்து தோல் இழுத்துப் பிடிக்கும். அதை வறட்சி என்று நினைத்து 'செஷ்' போட்ட கெட்டி கிரீமைத் தடவினால் ஒரே வாரத்தில் பரு கிளம்பும்.

அடுத்தது பதம். 'லெஜேர்', 'ஃப்ளூயிட்', 'ஜெல்' எல்லாம் இலேசானவை. 'லே' பால் போல ஓடும். 'ரிஷ்', 'பாம்' இரண்டும் கெட்டி. இந்தக் கெட்டி ரகங்கள் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறைக்குள் காய்ந்துபோகும் தோலுக்கு அருமையானவை. அதையே சென்னையிலோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ மே மாதத்தில் பூசினால் வேர்வையோடு சேர்ந்து கழுத்துக்கு இறங்கும். எம்ப்ரியோலிஸ் என்ற பிராண்டின் லே-க்ரேம் கோன்சான்த்ரே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெயரில் 'லே' இருந்தாலும் பாரஃபின் எண்ணெய், ஷியா வெண்ணெய், தேன்மெழுகு எல்லாம் சேர்ந்த கெட்டிப் பண்டம் அது. மேக்கப் போடும் முன் பட்டாணி அளவு எடுத்தால் முகத்துக்குப் போதும். வேர்க்கும் ஊரில் தினப்படி கிரீமாக அதை நம்பி மூன்று டியூப் வாங்காதீர்கள்.

கடையைப் பற்றி. பச்சைச் சிலுவை எரிவது ஃபார்மசி. மருந்து விற்கும் உரிமை அதற்கு மட்டும்தான். கடை உரிமையாளர் பட்டம் பெற்ற மருந்தாளுநராகத்தான் இருக்க வேண்டும். பாராஃபார்மசி என்பது வேறு. அங்கே மருந்து கிடைக்காது, கிரீம், ஷாம்பு, சன்ஸ்கிரீன் மட்டும் கிடைக்கும். லெக்லெர், மோனோப்ரி போன்ற பல்பொருள் அங்காடிகளுக்குள்ளும் பாராஃபார்மசி உண்டு. இந்த அழகுச் சாமான்களுக்கு அரசு விலை நிர்ணயம் எதுவும் கிடையாது. கடைக்காரர் வைப்பதுதான் விலை, தெருவுக்குத் தெரு மாறும். வெளிநாட்டார் மொய்க்கும் இரண்டு பெரிய கடைகள் பாரிஸில் பேர் பெற்றவை: ஆறாம் வட்டாரத்தில் ரூ து ஃபூர் தெருவிலுள்ள சிட்டிஃபார்மா, ஐந்தாம் வட்டாரத்தில் பிளாஸ் மோன்ஜ் மெட்ரோவை ஒட்டிய ஃபார்மசி மோன்ஜ். விலை குறைவுதான், ஆனால் பிற்பகலில் கூடை தூக்கி நடக்க இடம் இருக்காது. வார நாளில் கடை திறந்த கையோடு போய்விடுங்கள். மூன்று நான்கு சாமான் மட்டும் வேண்டுமென்றால் தங்கியிருக்கும் தெருவின் ஃபார்மசியே போதும். அங்கே உங்களோடு நின்று பேச ஆளுக்கு நேரமும் இருக்கும்.

உள்ளே நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லிவிட்டுத்தான் எதையும் கேட்க வேண்டும். சொல்லாமல் நேரே கேள்வியில் இறங்கினால் அங்கே அது மரியாதைக் குறைவு. பெரிய கடைகளில் ஒரு பிராண்டின் அலமாரிக்கு முன்னால் நின்று அதே பிராண்டை எடுத்து நீட்டுபவர் அந்த நிறுவனத்தின் விற்பனையாளராக இருக்கலாம். மருந்து கொடுக்கும் கவுன்டருக்குப் பின்னால் வெள்ளை அங்கியில் நிற்பவரிடம் கேளுங்கள். 'எது நல்ல கிரீம்' என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. 'எண்ணெய்த் தோல், மங்கு இருக்கிறது, வாசனை ஒத்துக்கொள்ளாது, வெயிலும் வேர்வையும் அதிகமான ஊர்' என்று நான்கு விவரம் கொடுத்தால் இரண்டே டியூபை எடுத்து வைப்பார்கள்.

முதலில் எதற்குக் காசு செலவழிக்கலாம் என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன், சன்ஸ்கிரீனுக்கு. கிளென்சரும் மாய்ஸ்சரைசரும் எல்லா ஊரிலும் நல்லதாகக் கிடைக்கின்றன. சன்ஸ்கிரீனில்தான் ஐரோப்பிய மருந்துக்கடைக்குத் தனிப் பலம் உண்டு. அதற்குக் காரணம் வடிகட்டிகள், அதாவது வெயில் கதிர்களைத் தடுக்கச் சேர்க்கும் பொருள்கள். அமெரிக்காவில் இவை மருந்துச் சட்டத்துக்குள் வருவதால் புது வடிகட்டிகளுக்கு அனுமதி கிடைக்க ஆண்டுக்கணக்கில் ஆகிறது. ஐரோப்பாவில் அவை முன்பே புழக்கத்துக்கு வந்துவிட்டன. லோரியால் குழுமம் 2022-ல் மெக்ஸோரில் 400 என்ற வடிகட்டியோடு லா ரோஷ் போசே பெயரில் அன்தெலியோஸ் யூவிமியூன் 400 என்ற சன்ஸ்கிரீன் வரிசையைக் கொண்டுவந்தது. 380 முதல் 400 நானோமீட்டர் வரையிலான நீண்ட அலை யுவிஏ கதிர்களைப் பிடிக்கவென்றே செய்தது அது. பழைய வடிகட்டிகள் பெரும்பாலும் கோட்டை விடும் பகுதி அதுதான். அதே அன்தெலியோஸ் பெயரில் அமெரிக்காவில் விற்கும் டியூபுக்குள் இருப்பது வேறு கலவை. ஆகவே அமெரிக்க விமர்சனத்தைப் படித்துவிட்டுப் பாரிஸில் வாங்காதீர்கள், அங்கே கேட்ட நிறையும் குறையும் இங்கே பொருந்தாது.

பெட்டியில் இரண்டு குறிகளைப் பாருங்கள். ஒன்று, வெயில் காப்பு அளவைச் சொல்லும் எண், எஸ்பிஎஃப் 50+. ஐரோப்பாவில் அதற்கு மேல் எண் போட முடியாது. சோதனையில் 60-க்குக் குறையாமல் வந்தால்தான் அந்தக் கூட்டல் குறி. இரண்டு, வட்டத்துக்குள் யுவிஏ என்ற எழுத்து. எஸ்பிஎஃப் அளவில் மூன்றில் ஒரு பங்காவது யுவிஏ பாதுகாப்பு இருக்கிறது என்று அதற்குப் பொருள். மங்கு, பரு வந்துபோன கருந்தழும்பு உள்ளவர்களுக்கு இந்த வட்டம் எண்ணை விட முக்கியம். தோலைக் கறுக்க வைப்பதில் யுவிஏ-வுக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் நிறத் தோலுக்கு இன்னும் இரண்டு விஷயம். 'மினெரால்' என்று போட்டிருந்தால் துத்தநாக ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு மட்டும் கொண்டது. கறுத்த முகத்தில் சாம்பல் பூத்த மாதிரி நிற்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. எரிச்சல் தாங்காத தோலாக இருந்தாலொழிய வேறு ரகம் எடுங்கள். மற்றது, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும், அதைச் சாதாரண சன்ஸ்கிரீன் தடுக்காது. இரும்பு ஆக்ஸைடு கலந்த 'தேன்த்தே', அதாவது நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன்தான் அதற்கு உதவும். ஆனால் பல பிராண்டுகளில் இந்த நிறம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் வெள்ளைத் தோலை மனத்தில் வைத்துக் கலந்தது. சாம்பிள் டியூபைத் தாடை ஓரத்தில் பூசி, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். உள்ளங்கையிலோ மணிக்கட்டிலோ பூசிப் பார்ப்பதில் பயனில்லை, அந்த இடம் முகத்தை விட இரண்டு படி வெளுப்பு.

'ஃப்ளூயிட்' ரகம் நம் ஊருக்கு ஏற்றது, பூசியதும் மாயமாகிவிடும். தண்ணீராக இருப்பதால் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும், இல்லையென்றால் மேலே எண்ணெயும் கீழே மற்றதுமாகப் பிரிந்து வரும். பொருள் பட்டியலில் முதல் ஐந்து பெயர்களுக்குள் 'அல்கோல் டெனாட்', அதாவது ஆல்கஹால் இருந்தால், வேர்வையோடு கண்ணுக்குள் இறங்கும்போது எரியும். இமையில் தடவாமல் புருவ எலும்போடு நிறுத்துங்கள், அல்லது கண் ஓரத்துக்கு மட்டும் கிரீம் ரகம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை டியூப் வாங்குவது? சோதனைக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் எஸ்பிஎஃப் அளக்கிறார்கள். வீட்டில் அந்த அளவுக்கு வர ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடு போட்டு எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஏறக்குறையச் சரியாக இருக்கும். அதை ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால் 50 மி.லி. டியூப் தினம் ஒரு வேளைக்கு ஏழு வாரம் வரும். ஒரு டியூபை ஆறு மாதம் வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் தேவையில் கால் பங்குதான் பூசுகிறார், பெட்டியில் போட்ட 50+ அவர் முகத்தில் இல்லை. ஓர் ஆளுக்கு நான்கு டியூப், ஆறு மாதக் கணக்கு.

கிளென்சருக்கு வருவோம். முகத்தைத் துடைத்து அழுக்கெடுக்கும் பயோடெர்மாவின் மைசெல்லர் தண்ணீரில் மூடியின் நிறத்தைப் பார்த்தால் போதும்: இளஞ்சிவப்பு மூடி சான்சிபியோ, எரிச்சல் தோலுக்கு, பச்சை செபியம், எண்ணெய்த் தோலுக்கு, நீலம் ஹைட்ராபியோ, நீர்ச்சத்துக் குறைந்த தோலுக்கு. கழுவத் தேவையில்லை என்று எழுதியிருந்தாலும் கழுவிவிடுங்கள். அழுக்கைப் பிடிக்கும் அதே பொருள் தோலிலேயே தங்கினால் நாளடைவில் சிலருக்குக் கன்னம் சிவக்கும். பஞ்சை நனைத்து இழுத்துத் தேய்க்கவும் கூடாது. பத்து விநாடி வைத்து அழுத்திவிட்டு வழித்து எடுக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலை இரண்டிரண்டாக மலிவு விலையில் கட்டி வைத்திருப்பார்கள், ஆனால் இரண்டும் சேர்ந்தால் ஒரு கிலோ. பயோடெர்மா இந்தியாவிலேயே கிடைக்கிறது. தண்ணீரைச் சுமந்து வருவதற்கு லக்கேஜில் இடம் கொடுக்க வேண்டாம்.

ஊற்றுநீர் ஸ்பிரேயும் அப்படித்தான். அவென், லா ரோஷ் போசே, யூரியாஜ், விஷி நான்கும் உண்மையிலேயே ஊர்ப் பெயர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வெந்நீர் அல்லது தாது ஊற்று உண்டு. வெயிலில் கன்றிய முகத்துக்கு இதமாக இருக்கும். முகத்தில் அடித்து அப்படியே காயவிட்டால் மேலே உள்ள தண்ணீர் ஆவியாகும்போது தோலின் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போகும், முன்னை விட இறுக்கமாக இருக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, ஈரம் இருக்கும்போதே கிரீம் பூச வேண்டும். யூரியாஜ் நீரின் உப்புச் செறிவு நம் உடல் நீரோடு ஒத்துப்போவதால் அதை மட்டும் ஒற்றாமல் விடலாம்.

மருந்துக்கடையில் விற்பதெல்லாம் மென்மையானது என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நூக்ஸின் உய்ல் ப்ரோதிஜியூஸ் எண்ணெய் வாசனைக்கே பேர் போனது. கோடாலியிலும் பலவற்றில் வாசனை உண்டு. மயிருக்கும் உடம்புக்கும் அவை பிரமாதம். அடிக்கடி சிவக்கும் முகத்துக்கு வேண்டாம். எதுவுமே ஒத்துக்கொள்ளாத தோல் என்றால் அவெனின் தோலெரான்ஸ் வரிசையைப் பாருங்கள். வாசனையும் இல்லை, கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் இல்லை. கிருமி நீக்கி அடைத்து, காற்று உள்ளே புகாத தனி மூடி போட்டிருக்கிறார்கள். கரப்பான் (எக்ஸிமா) தோலுக்கு அதே அவெனில் ஸெராகாம், ஆ-தெர்மாவில் எக்ஸோமெகா, லா ரோஷ் போசேயில் லிபிகார் என்று தனி வரிசைகள் உண்டு. இவற்றைத் தடவத் தொடங்கும் முன் தோல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது, படர்தாமரையைக் கரப்பான் என்று நினைத்து மாதக்கணக்கில் கிரீம் பூசுகிறவர்கள் உண்டு.

பருவுக்கு லா ரோஷ் போசேயின் எஃபக்லார் டுவோ வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் இந்தப் பெயரில் நெடுங்காலம் விற்றதில் 5.5% பென்சாயில் பெராக்சைடு இருந்தது. ஐரோப்பாவில் அது மருந்துக் கணக்கில் வருவதால் பாரிஸ் டியூபில் கிடையாது. நியாசினமைடும் இலேசான அமில வகையும்தான் இருக்கும். சிறு பருவுக்கும் அது விட்டுப்போன கறைக்கும் உதவும், சீழ் வைத்த பெரிய பருவுக்குப் போதாது. முகம் வெளுக்கும் கிரீமில் சேர்க்கும் ஹைட்ரோகுவினோன் ஐரோப்பிய அழகுச் சாமான்களில் தடை செய்யப்பட்டது. மருந்துச் சீட்டில்லாமல் கேட்காதீர்கள். வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் அளவுக்கும் வரம்பு வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 விதிப்படி முகத்துக்கு அதிகபட்சம் 0.3%, உடம்புக்குப் பூசும் லோஷனுக்கு 0.05%. கருவுற்றவர்கள், கருத்தரிக்கத் திட்டமிடுகிறவர்கள் எந்த அளவிலும் ரெட்டினால் வாங்க வேண்டாம்.

அலமாரியில் கிரீம்களுக்குப் பக்கத்திலேயே சில மருந்துகளும் கண்ணில் படும். பட்டைக்குறியீட்டின் எண் 34009 என்று தொடங்கினால் அது மருந்து. பியாஃபின் தீக்காயத்துக்கும் வெயில் கன்றலுக்குமான மருந்து, தினம் இரவில் பூசும் கிரீம் ஆகாது. ஓமேயோபிளாஸ்மின் களிம்பு உதட்டுக்கு நல்லது என்று இணையத்தில் நிறையச் சொல்கிறார்கள். அதில் போரிக் அமிலம் உண்டு. கைக்குழந்தைக்குத் தடவவே கூடாது, பெரியவர்களும் உதட்டில் பூசி நக்கி விழுங்கும் பழக்கம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பில் போடும் முன் கூடையில் உள்ளதை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மூடி திறந்த ஜாடிப் படத்துக்குள் 6M, 12M என்று இருப்பது திறந்த பின் எத்தனை மாதம் தாங்கும் என்பது. 30 மாதத்துக்கு மேல் கெடாத சாமானில் காலாவதித் தேதி போட வேண்டிய கட்டாயம் இல்லை, ஜாடிப் படம் மட்டும் இருக்கும். மணல் கடிகாரப் படமும் தேதியும் இருந்தால் ஆயுள் குறைவானது. இரண்டாவது பாதி விலை என்று கட்டி வைத்த ஜோடியில் முதலில் அந்தத் தேதியைத் தேடுங்கள். 'ரெஷார்ஜ்' என்று எழுதியிருந்தால் அது மறுநிரப்புப் பை. விலை குறைவாக இருக்கிறதே என்று எடுத்துவிட்டு, ஊருக்கு வந்து பம்ப் எங்கே என்று தேட வேண்டி வரும்.

வரி திரும்பப் பெறும் 'தெதாக்ஸ்'. 16 வயது நிரம்பி, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருந்து, பிரான்சுக்கு ஆறு மாதத்துக்குக் குறைவாக வந்தவர்களுக்கு இது உண்டு. ஒரே கடையில், மூன்று நாளுக்குள், வரியோடு சேர்த்து 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். குடியுரிமை எது என்பது இங்கே கணக்கில்லை, குடியிருப்பு எது என்பதே கணக்கு. ஆகவே பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு புதுச்சேரியில் வசிப்பவர், அங்கே வசிப்பதற்கான சான்றைக் காட்டினால் பெறலாம். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியதால் லண்டன் தமிழர்களுக்கும் உண்டு. பாரிஸிலேயே லா ஷாப்பெலில் குடியிருக்கும் சொந்தக்காரர் தன் பெயரில் வாங்கித் தந்தால் கிடையாது. பில் போடும்போது பயணியின் பாஸ்போர்ட்டே கடையில் இருக்க வேண்டும். கிரீம்களுக்கு வரி 20%. 120 யூரோ பில்லில் 20 யூரோ வரி என்றாலும், இடையில் உள்ள நிறுவனம் தன் பங்கை எடுத்ததுபோகக் கைக்கு வருவது பெரும்பாலும் பில் தொகையில் 12%-ஐ ஒட்டித்தான்.

கடையில் தரும் படிவத்தை விமான நிலையத்தில் 'பாப்லோ' எந்திரத்தில் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். இதை லக்கேஜ் செக்-இன் போடும் முன்பே முடியுங்கள். திரை சிவப்பாக வந்தால் சுங்க அதிகாரி சாமானைப் பார்க்கக் கேட்பார், பெட்டி அதற்குள் உள்ளே போயிருந்தால் காட்ட ஒன்றும் இருக்காது. பிரான்சிலிருந்து இன்னொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக்குப் போய், அங்கிருந்து ஊர் திரும்புகிறவர்கள் அந்தக் கடைசி நாட்டின் சுங்கத்தில் முத்திரை வாங்க வேண்டும்.

விமானத்தில் கைப்பையில் 100 மி.லி.க்கு மேற்பட்ட பாட்டிலைப் பெரும்பாலும் விடமாட்டார்கள். பாதி தீர்ந்த 200 மி.லி. டியூபையும் எடுத்துவிடுவார்கள். ஊற்றுநீர் ஸ்பிரேயின் 300 மி.லி. டப்பாவை மூடி போட்டு லக்கேஜில் வையுங்கள். யூரோஸ்டாரில் இந்த 100 மி.லி. வரம்பு இல்லை. பம்ப் பாட்டிலின் கழுத்தில் டேப் சுற்றி, ஒவ்வொன்றையும் தனி பிளாஸ்டிக் பையில் போட்டால் ஒன்று கசிந்தாலும் துணி தப்பும்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் திறக்காதீர்கள். ஒரு சாமானை எடுத்துக் காதுக்குக் கீழே தாடை ஓரத்தில் மூன்று இரவு பூசிப் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் முகத்துக்கு. அடுத்ததைத் திறக்க இரண்டு வாரம் கழியட்டும். நான்கையும் சேர்த்துப் பூசி முகம் சிவந்தால் எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. கிரீம் பூசிய சூட்டோடு சன்ஸ்கிரீன் பூசினால் திரிதிரியாக உருண்டு வரும், ஐந்து நிமிடம் விட்டுப் பூசினால் வராது. திறந்த தேதியை டியூபின் அடியில் பேனாவால் எழுதி, சமையலறையை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். சன்ஸ்கிரீனைக் கார் டேஷ்போர்டில் போட்டு வைத்தால் சூட்டில் கலவை பிரிந்துவிடும். பிதுக்கும்போது முதலில் மஞ்சள் எண்ணெய் வந்தால் அந்த டியூபைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதைத் திறக்க வேண்டியதுதான்.